பிள்ளை நிலமும் சட்டமும் படிக்கட்டும், சிரிக்காதீங்க

 

நீளமான பதிவு. வேலைக்குப் போற அவசரத்துல இருக்கிறவங்க ராத்திரி சாப்பிட்டுட்டு படிங்க. ஆனா படிங்க. சில பெரியவர்களுக்குக் கோபம் வரும். வரட்டும். நேர்ல என்னைத் திட்டலாம், ஞாயித்துக்கிழமை செருப்பு வைக்கிற இடத்துலயோ சமையல்கட்டுலயோதான் இருப்பேன்.

போன ஞாயிறு அன்னதானப் பந்தியில நடந்தது. நான் சாம்பார் வாளியோட வரிசையில போறேன். நம்ம தேவார வகுப்புல படிச்ச பிள்ளை ஒன்னு, எஸ்.டி.பி.எம். முடிச்சிருக்கு, நல்ல ரிசல்ட். பக்கத்துல உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், "அடுத்து என்னம்மா?"ன்னு கேட்டார். "சட்டமும் சொத்து மேம்பாடும் சேர்த்து ஒரே படிப்பா படிக்கணும் அங்கிள்"னு சொல்லிச்சு. அவர் சிரிச்சார். "வீடு விக்கிறதுக்கு எதுக்கும்மா யுனிவர்சிட்டி? என் மச்சான் எஸ்.பி.எம். கூட பாஸ் பண்ணல, ஏஜெண்டா காரு மேல காரு வாங்கிட்டான்." எதிர்ல இருந்தவர், "கோயில உடைக்கிறவன்கிட்டயே வேலைக்குப் போகப் போறியா?"ன்னார். இன்னொரு அம்மா மெதுவா, "மெடிசின் கிடைக்கலையா?"ன்னு கேட்டாங்க, துக்கம் விசாரிக்கிற மாதிரி.

பிள்ளை தலையைக் குனிஞ்சு இலையைப் பார்த்துச்சு. நானும் ஒன்னும் சொல்லல. சாம்பாரை ஊத்திட்டு அடுத்த இலைக்குப் போயிட்டேன். அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. அதனாலதான் இந்தப் பதிவு.

நான் படிச்சது எஸ்.பி.எம். வரைக்கும். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில 27 வருஷம் மிஷின் பார்த்தவன். பெரிய அறிவாளின்னு சொல்லிக்க வரல. ஆனா கோயில் பேப்பர் ஃபைலைத் தூக்கிக்கிட்டு கொம்தார் லிஃப்ட்ல ஏறி இறங்கி பட்ட பாட்டுல சில விஷயம் தெரிஞ்சுக்கிட்டேன்.

முதல்ல நம்ம வீட்டு வாசல்ல நடந்ததைப் பேசுவோம். கம்போங் புவா பாலா. இங்கே கெலுகோர்லயே, யூ.எஸ்.எம். பக்கத்துல இருந்த ஊர். ஆடு மாடு மேஞ்ச ஊர், அதனால பழைய டிவி தொடர் பேரை வச்சு 'ஹை சாப்பரால்'னு கூப்பிட்டாங்க. இளசுகளுக்கு இந்தப் பேரே தெரியாது, அதுவே எனக்கு ஒரு வருத்தம். பால் வாங்கப் போன ஞாபகம் உள்ளவங்க இதைப் படிக்கிறவங்கள்ல நிறைய பேர் இருப்பீங்க. பிரவுன் குடும்பத்து எஸ்டேட் நிலம் அது. அந்த எஸ்டேட்ல உழைச்ச நம்ம ஆளுங்களோட வாரிசுகள் தலைமுறை தலைமுறையா அங்கே வாழ்ந்தாங்க. பிரவுன் குடும்பம் எங்களுக்காக அறக்கட்டளையா விட்டுப்போன நிலம் இதுன்னு ஊர் மக்கள் சொன்னாங்க.

என்ன ஆச்சு? நிலம் மாநில அரசு அதிகாரிகளோட கூட்டுறவுச் சங்கத்துக்குப் போச்சு, அங்கிருந்து டெவலப்பர் கைக்கு வந்துச்சு. வித்தது யார் ஆட்சியில, பட்டா பதிஞ்சது யார் ஆட்சியிலன்னு ரெண்டு கூட்டணியும் ஒருத்தரை ஒருத்தர் கை காட்டிக்கிட்டாங்க. அந்தச் சண்டையை இங்கே திரும்ப ஆரம்பிக்க வேண்டாம், கமெண்ட்ல கட்சிக் கொடி பிடிச்சா அழிச்சிடுவேன். நான் சொல்ல வர்றது வேற. ஊர் மக்களுக்கு வக்கீல் இல்லாம இல்ல. உயர் நீதிமன்றத்துல அவங்க பக்கம் தீர்ப்பே வந்துச்சு. 2009-ல மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாத்திச்சு. அந்த வருஷம் ஜூன் மாசம் கூட்டரசு நீதிமன்றமும் கதவை அடைச்சிடுச்சு. மறியல், பேப்பர், டிவி, தலைவர்கள் வருகை எல்லாம் நடந்துச்சு. சில குடும்பங்கள் இரட்டை மாடி வீட்டை நஷ்டஈடா வாங்க ஒத்துக்கிட்டாங்க, சிலர் கடைசி வரைக்கும் நின்னாங்க. அந்த வருஷமே இடிச்சாச்சு. இப்ப அங்கே அடுக்குமாடி நிக்குது.

யோசிச்சுப் பாருங்க. ஊர் முழுக்க கூட்டம் கூடினது எப்போ? நோட்டீஸ் வந்தப்புறம். ஆனா நிலம் கைமாறினது அதுக்கு முன்னாடியே. ஒரு மனுப் பேப்பர்ல, ஒரு ஒப்புதல்ல, கடைசியா பட்டாவுல ஒரு பேரு பதிஞ்ச அன்னைக்கு. அந்த நாள்ல யாரும் கோஷம் போடல, ஏன்னா யாருக்கும் தெரியாது. கடைசியில வந்த வக்கீல் எவ்வளவு கெட்டிக்காரரா இருந்தாலும் ஓடிப்போன ரயிலைத்தான் துரத்தணும்.

நம்ம நாட்டு நிலச் சட்டம் அப்படி. 1965-ம் வருஷத்து தேசிய நிலச் சட்டம். அதோட 340-வது பிரிவு சொல்றது, பதிவேட்டுல யார் பேர் இருக்கோ அவங்க உரிமை அசைக்க முடியாதது. மோசடி, போலிக் கையெழுத்து மாதிரி சில காரணத்துக்குத்தான் அசைக்கலாம். 48-வது பிரிவு இன்னும் கசப்பு. அரசாங்க நிலத்துல நீங்க எத்தனை காலம் இருந்தாலும், லைசென்ஸோட இருந்தாலும், லைசென்ஸ் இல்லாம இருந்தாலும், இருந்த ஒரே காரணத்துக்காக அது உங்களுதாகாது. "எங்க கோயில் 100 வருஷக் கோயில்"னு நாம நெஞ்சை நிமிர்த்திச் சொல்றோமே, அந்த 100 வருஷத்துக்கு நீதிமன்றத்துல அனுதாபம் கிடைக்கலாம், பட்டா கிடைக்காது.

எனக்கும் இது முதல்ல தெரிஞ்சப்போ கோபம்தான் வந்துச்சு. தாத்தா காலத்துல காடு வெட்டி, கல்லு நட்டு, விளக்கு ஏத்தின இடம் நம்மளுது இல்லையான்னு. அந்தக் கோபம் நியாயமானது. ஆனா கோபம் நியாயமா இருக்கிறதால பதிவேடு மாறாது.

டி.ஓ.எல். பத்தி ஒரு வார்த்தை. பினாங்குல சின்னச் சின்னக் கோயில் பலதும் இந்தத் தற்காலிகக் குடியிருப்பு உரிமத்துல ஓடினதுதான். சட்டப்படி அந்த உரிமம் அந்தந்த வருஷக் கடைசியோட முடிஞ்சிடும். டிசம்பர் 31 தாண்டாது. மறுபடி எடுக்கணும். நாம என்னமோ வாடகை கட்டின மாதிரி ரசீதை வாங்கி அலமாரியில போட்டுட்டு "பேப்பர் எல்லாம் இருக்கு"ன்னு நிம்மதியா இருக்கோம்.

இப்ப நம்ம கோயில் கதையைச் சொல்றேன். கோயில் பேரை எழுதல, தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். மூணு வருஷத்துக்கு முன்னாடி திருப்பணிக்கு மனு போடணும்னு இரும்பு அலமாரியைத் திறந்தோம். ஃபைல் பாதி நனைஞ்சு, கரையான் வாசனை. உள்ளே டி.ஓ.எல். பேப்பர் இருந்துச்சு, சந்தோஷம். அன்னைக்கு சாமி கும்பிட வந்த ஒரு தம்பி, வக்கீல் ஆபீஸ்ல சேம்பரிங் பண்றவர், சும்மா எட்டிப் பார்த்தார். பத்து நிமிஷம்கூட ஆகல. "அங்கிள், இது யாரு பேர்ல இருக்கு?" எங்க பழைய தலைவர் பேர்ல. "அவர் எங்கே?" அவர் தவறிப்போய் பல வருஷமாச்சு, வருஷா வருஷம் திதிக்கு கோயில்ல பொங்கல் வைக்கிறோம். தம்பி கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "உரிமம் வாங்கினவர் இறந்துட்டா உரிமமும் அதோட முடிஞ்சிடும் அங்கிள், வேற ஆளுக்கு மாத்தவும் முடியாது, 68-வது பிரிவு"ன்னார்.

அவ்வளவு வருஷமா நாங்க என்ன பண்ணினோம்? தலைவர் மாறும்போதெல்லாம் மாலை போட்டோம். கோபுரத்துக்கு கலர் அடிச்சோம். எல்.இ.டி. லைட் மாட்டினோம். ஆண்டுக் கூட்டத்துல ஒலிபெருக்கி வாங்கின கணக்குக்காக ரெண்டு மணி நேரம் சண்டை போட்டோம். நம்ம அம்மன் நிக்கிற மண்ணு யார் பேர்ல இருக்குன்னு ஒருத்தரும் கேட்கல. நான் உட்பட. அந்த ஆண்டுக் கூட்டத்துல ஒலிபெருக்கிக்கு அதிகம் கத்தினவனே நான்தான்.

சங்கத்துப் பேர்ல புதுசா மனு போட்டிருக்கோம், இன்னும் பதில் வரல.

இதே கதை பெருசா நடந்தா எப்படி இருக்கும்னு 2025-ல பார்த்தோம். கோலாலம்பூர் ஜாலான் மஸ்ஜிட் இந்தியா, தேவி ஸ்ரீ பத்ரகாளியம்மன் ஆலயம். 130 வருஷக் கோயில்னு எல்லாரும் பேசினோம், போஸ்ட் போட்டோம், நானும் போட்டேன். மாநகர் மன்றம் அந்த நிலத்தைத் தனியார் நிறுவனத்துக்கு வித்தது 2014-ல. நாம போஸ்ட் போட்டது 2025 மார்ச்ல. நடுவுல 11 வருஷம். கடைசியில சுமார் 50 மீட்டர் தள்ளி வேற இடத்துக்குப் போறதா பேசி முடிச்சாங்க. நல்ல முடிவா கெட்ட முடிவான்னு ஆளாளுக்கு ஒரு அபிப்பிராயம் இருக்கு. என் கேள்வி அந்த 11 வருஷத்தைப் பத்தி. 2014-லயே நாம எல்லாரும் விழிச்சிருந்தா மேசையில நம்ம கை எவ்வளவு பலமா இருந்திருக்கும்?

சீபீல்ட் மாரியம்மன் கோயிலை எடுத்துக்குங்க. சுபாங் ஜெயா. 2018 நவம்பர் மாசம் அங்கே நடந்த கலவரத்தை யாரும் மறந்திருக்க முடியாது. அடிபட்ட தீயணைப்பு வீரர் முகமட் அடிப் டிசம்பர்ல இறந்தார். ஒரு வீட்டுப் பிள்ளை போச்சு. அந்தக் கோயில் இடம் மாறணும்னு ஷா ஆலம் உயர் நீதிமன்றத்துல சம்மதத் தீர்ப்பு எழுதினது 2014-ல. சம்மதத் தீர்ப்புன்னா, இரு தரப்பும் ஒத்துக்கிட்டு நீதிபதி முன்னாடி பதிவு பண்றது. கோயில் நிர்வாகம் யாருதுன்னு நம்ம ஆளுங்களே ரெண்டு தரப்பா நின்ன வழக்கு அது. தினம் வந்து விளக்கு ஏத்தின பக்தர்கள்ல எத்தனை பேருக்கு அந்தத் தீர்ப்புல என்ன எழுதியிருந்துச்சுன்னு தெரிஞ்சிருக்கும்? தெரியாதவங்கதான் நாலு வருஷம் கழிச்சு ராத்திரியில கோயில் வாசல்ல நின்னாங்க.

இப்ப அந்தப் பந்தியில கேட்ட கேள்விக்கு வர்றேன். "நம்ம இனத்துல வக்கீலுக்கா பஞ்சம்?"னு ஒருத்தர் எனக்கு வாட்ஸ்அப்ல அனுப்பினார். பஞ்சம் இல்ல, ஒத்துக்கிறேன். நம்ம புக்கிட் கெலுகோர் தொகுதிக்கே 2004-லேர்ந்து 2014-ல இறக்கிற வரைக்கும் கர்பால் சிங் மாதிரி ஒரு சிங்கம் எம்.பி.யா இருந்தார். நீதிமன்றத்துல நின்னு கர்ஜிக்கிறதைப் பார்த்தா நமக்கு மயிர் சிலிர்க்குது, கை தட்டுறோம். ஆனா நிலத்தைக் காப்பாத்துற வேலையில கர்ஜனை கிடையாது. அது சலிப்பான வேலை. நில அலுவலகத்துல காசு கட்டி காரியான் எடுத்துப் பார்க்கிறது. லாட் நம்பரை சர்வே பிளான்ல வச்சு ஒத்துப் பார்க்கிறது. மாநகர் மன்றத்துல உள்ளூர்த் திட்ட வரைவு பார்வைக்கு வச்சா, போய் நம்ம கோயில் மேல என்ன கலர் அடிச்சிருக்காங்கன்னு பார்க்கிறது. வழிபாட்டு இடத்து கலரா, வீட்டு நிலக் கலரா, ரோட்டுக் கோடா? ரோட்டுக் கோடு விழுந்திருந்தா கெடுவுக்குள்ள ஆட்சேபம் எழுதிக் கொடுக்கணும். கெடு முடிஞ்சப்புறம் தீச்சட்டி எடுத்தாலும் பிரயோஜனம் இல்ல.

திட்ட அனுமதி விஷயமும் அப்படித்தான். 1976-ம் வருஷத்து நகர, கிராமத் திட்டமிடல் சட்டம்னு ஒன்னு இருக்கு. உள்ளூர்த் திட்டம் இல்லாத பகுதியில ஒருத்தர் கட்டடம் கட்ட மனு போட்டா, பக்கத்து நிலச் சொந்தக்காரங்களுக்கு நோட்டீஸ் தரணும், அவங்களுக்கு ஆட்சேபம் சொல்ல 21 நாள். கவனிங்க, சொந்தக்காரங்களுக்கு. பட்டாவுல பேர் இல்லாத கோயில் எந்த வரிசையில நிக்கும்?

வழக்கு நடத்துற வக்கீலுக்கு இதெல்லாம் தெரியாதுன்னு சொல்லல. அவர்கிட்ட நாம போறதே எல்லாம் முடிஞ்சப்புறம்தான். சட்டத்தோட சொத்து மேம்பாடும் படிச்ச பிள்ளை, வழக்கு வர்றதுக்கு மூணு நாலு வருஷம் முன்னாடியே, காலி நிலத்துல அளவுக்கட்டை நடும்போதே, என்ன வரப்போகுதுன்னு சொல்லும்.

"டெவலப்பர்கிட்டயே வேலைக்குப் போகப் போறியா"ன்னு கேட்டாரே, அவருக்கு என் பதில் இது. அந்தப் பிள்ளை டெவலப்பர்கிட்ட போய் உட்கார்ந்தாகூட நமக்கு லாபம்தான். ஏன்னா டெவலப்பர் கணக்கு நமக்கு சுத்தமா தெரியாது. நமக்கு அவர் ஒன்னு அரக்கன், இல்லேன்னா தேர்த் திருவிழாவுக்கு நன்கொடை கேட்கப் போற தவுக்கே. ரெண்டுமே இல்லாம, அவரும் பேங்க்ல கடன் வாங்கினவர்தான். ஒரு பேச்சுக்கு 2 கோடி ரிங்கிட் கடன், வருஷத்துக்கு 5 சதவீத வட்டின்னு வச்சுக்குங்க. வருஷத்துக்கு 10 லட்சம் ரிங்கிட். மாசத்துக்கு 83,000-க்கு மேல. ஒரு செங்கல்கூட வைக்காம, சும்மா காத்திருக்கிற ஒவ்வொரு மாசமும் அது போகுது. அவர் எப்போ நம்ம கூட நிதானமா பேசுவார்? பிளான் வரையற நேரத்துல. அப்போ கோயிலை ஒரு மூலையில விட்டுட்டு கார் நிறுத்துற இடத்தை இப்படித் திருப்பலாமான்னு கேட்டா, பென்சிலால அழிச்சு எழுதற வேலை. அனுமதி வாங்கி, வீடுகளை வித்து, பேங்க் பணம் இறங்கினப்புறம் போய் கேட்டா, மொத்த பிளானையும் திரும்பப் போடணும், வாங்கினவங்களுக்குப் பதில் சொல்லணும், வட்டி ஓடிக்கிட்டே இருக்கும். அப்போ அவருக்குக் கோயில் ஒரு தடங்கல் மட்டும்தான். பென்சில் நேரம் எதுன்னு தெரிஞ்ச ஒரு ஆள் நம்ம செயலவையில இருந்தா எவ்வளவு விஷயம் சத்தமில்லாம முடியும்!

பெரிய கோயிலுக்கெல்லாம் இந்தக் கவலை இல்லைன்னு நினைக்காதீங்க. இந்து அறப்பணி வாரியத்துக்குக் கீழே இருக்கிற கோயில்களுக்கு ஒரு சட்டப் பின்புலம் இருக்கு. 1906-லேயே அதுக்குச் சட்டம் போட்டாச்சு. அதுக்கு வெளியில, குடும்பமும் தெருவும் சேர்ந்து நடத்துற கோயில்கள்தான் நம்ம வட்டாரத்துல கண்ணுக்குத் தெரியறது. சிலதுக்கு நல்லபடியா நிலமே இருக்கு, ஆனா பட்டா ஏதோ மூணு அறங்காவலர் தாத்தாக்கள் பேர்ல. மூணு பேரும் போய்ச் சேர்ந்தாச்சு. பேரப்பிள்ளைகள் ஆஸ்திரேலியாவுல. 1952-ம் வருஷத்து அறங்காவலர் கூட்டமைப்புச் சட்டத்துல பதிஞ்சிருந்தா அறங்காவலர் மாறினாலும் நிலம் அமைப்புப் பேர்லயே நிக்கும். அது அன்னைக்கே யாராவது சொல்லியிருந்தா நடந்திருக்கும் வேலை. சொல்றதுக்கு ஆள் இல்ல.

பினாங்குக்காரங்களுக்கு இன்னொரு கதையும் தெரிஞ்சிருக்கணும். தஞ்சோங் பூங்காவுல பூன்சோம் பூன்யானிட்ங்கிற தாய்லாந்து அம்மாவுக்கு நிலம் இருந்துச்சு. 1989-ல யாரோ ஒருத்தர் அவங்க மாதிரி நடிச்சு, போலிப் பேப்பர் செஞ்சு, அடோர்னா பிராப்பர்ட்டீஸ்ங்கிற நிறுவனத்துக்கு வித்துட்டாங்க. வாங்கின நிறுவனத்துக்கு மோசடி தெரியாது. 2000-ல கூட்டரசு நீதிமன்றம், நல்லெண்ணத்தோட வாங்கினவர் உரிமைதான் செல்லும்னு சொல்லிடுச்சு. 340-வது பிரிவுல ஒரு துணை வாக்கியத்தை எப்படிப் படிக்கிறதுங்கிற விஷயம். அந்த அம்மா நிலம் போச்சு. அந்த வாக்கியத்தைத் தப்பாப் படிச்சிட்டோம்னு அதே நீதிமன்றம் வேற ஒரு வழக்குல சொன்னது 2010-ல. பத்து வருஷம், ஒரு வாக்கியம். படிச்சவங்களே தடுக்கி விழற இடத்துல, நாம நனைஞ்ச ஃபைலோட நிக்கிறோம்.

சரி, படிப்புக்கு வர்றேன். அந்தப் பிள்ளை சொன்ன மாதிரி ரெண்டையும் ஒன்னாச் சேர்த்துப் படிக்கிறது ஆகாயத்துல இருந்து விழுந்தது இல்ல. நியூசிலாந்துல ஓக்லாந்து பல்கலைக்கழகத்துல சொத்துப் பட்டமும் சட்டப் பட்டமும் சேர்த்துப் படிக்கலாம். மெல்பர்ன் பக்கம் டீக்கின்லயும் அந்த மாதிரி இருக்கு. தனித்தனியா படிச்சா ஏழு வருஷம் ஆகிறதை ஐந்து, ஐந்தரை வருஷத்துக்குள்ள முடிக்கிற ஏற்பாடு. சட்டத்துல ஒப்பந்தம், அறக்கட்டளை, நிலம். சொத்துப் பக்கம் மதிப்பீடு, திட்டமிடல், கட்டடச் செலவு, கடன் கணக்கு. ரெண்டும் ஒரே மண்டைக்குள்ள போறதுதான் விசேஷம்.

செலவு? தலை சுத்தும், பொய் சொல்ல மாட்டேன். அதுக்காக வீட்டை அடகு வைங்கன்னு யாரையும் தூண்டல. அங்கே படிச்சுட்டு வந்தாலும் இங்கே வக்கீலா பதிய சி.எல்.பி. தேர்வு எழுதணும், அப்புறம் ஒன்பது மாசம் சேம்பரிங். பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுக்கிறதுக்கு முன்னாடி, அந்தப் பட்டத்தை நம்ம சட்டத் தகுதி வாரியம் ஏத்துக்குதான்னு பட்டியலைப் பார்க்கணும். அதைப் பார்க்காம பணத்தைக் கட்டிட்டு அழுத குடும்பத்தை எனக்குத் தெரியும்.

உள்ளூர்லயே பாதை இருக்கு. மலாயா பல்கலைக்கழகம், யூ.கே.எம். இங்கெல்லாம் சட்டம் படிச்சா சி.எல்.பி. வேண்டாம். யூ.டி.எம்.ல நில நிர்வாகமும் மேம்பாடும்னே ஒரு பட்டம் இருக்கு. மலாயாவுல ரியல் எஸ்டேட் இருக்கு. நம்ம மூக்குக்கு நேரா, யூ.எஸ்.எம்.ல வீடமைப்பு, கட்டடம், திட்டமிடலுக்குன்னு ஒரு புலமே இருக்கு. நம்ம பிள்ளைங்க எத்தனை பேர் அந்த வாசலைத் தாண்டி தினம் பஸ்ல போறாங்க! முதல்ல ஒன்னு, வேலை பார்த்துக்கிட்டே ரெண்டாவதுன்னு படிச்சவங்களும் இருக்காங்க. லண்டன் பல்கலைக்கழகத்துச் சட்டப் பட்டத்தை இங்கிருந்தபடியே படிக்கலாம். வீடு விக்கிறதுக்கு எதுக்குப் படிப்புன்னு சிரிச்சவருக்கும் ஒரு தகவல். சொத்து மதிப்பீட்டாளர், ஏஜெண்ட் ரெண்டுமே 1981-ம் வருஷத்துச் சட்டத்துக்குக் கீழே வாரியத்துல பதிஞ்சாத்தான் செய்யலாம். உங்க மச்சான் நம்பர் வச்சிருக்காரான்னு கேளுங்க.

டாக்டர் படிப்பை நான் குறை சொல்லல. எனக்கு ஸ்டென்ட் வச்சது நம்ம இனத்து டாக்டர் பிள்ளைதான், கையெடுத்துக் கும்பிடுறேன். ஆனா ஒரு தலைமுறையே ஒரே வாசல்ல நெருக்கியடிச்சு நிக்குது. அந்த வாசல்ல இடம் கிடைக்காத பிள்ளையைத் தோத்துப்போன பிள்ளையா பார்க்கிறோம். அந்தப் பந்தியில கேட்ட "மெடிசின் கிடைக்கலையா"ங்கிற கேள்வி கொடுமையானது. அந்தப் பிள்ளைக்கு மெடிசின் கிடைக்காம இல்ல, வேண்டாம்னு சொல்லுது. மண்ணைப் படிக்கணும்னு சொல்லுது. எஸ்டேட்ல மண்ணு வெட்டின கையோட கொள்ளுப்பேத்தி அது.

இன்னொரு பயமும் சிலருக்கு உண்டு. "படிச்சுட்டு கோயில் பக்கம் வராது, பெரிய கம்பெனிக்குப் போயிடும்." போகட்டுமே. கோயில் வாட்ச்மேன் வேலைக்கு நான் பிள்ளையைக் கேட்கல. வருஷத்துக்கு ஒரு தடவை வந்து ஃபைலைத் திறந்து பார்த்துட்டு, "அங்கிள், இந்த லெட்டருக்குப் பதில் போடுங்க"ன்னு சொன்னா போதும். அந்தச் சேம்பரிங் தம்பி எங்களுக்குக் கொடுத்தது பத்து நிமிஷம்தான்.

அதனால செயலவைக்கு எழுத்து மூலமா ஒரு தீர்மானம் கொடுத்திருக்கேன். வர்ற ஆண்டுக் கூட்டத்துல வரும். போன வருஷம் திருவிழா பூ அலங்காரத்துக்கு மட்டும் 18,000 ரிங்கிட் செலவு பண்ணினோம். அழகா இருந்துச்சு, மூணாவது நாள் வாடிச்சு. அதுல பாதியை எடுத்து, வருஷத்துக்கு ஒரு பிள்ளைக்கு, சட்டமோ நிலமோ திட்டமிடலோ படிக்கிற பிள்ளைக்கு, கல்வி நிதியா கொடுக்கணும்ங்கிறதுதான் தீர்மானம். அம்மனுக்குக் குறை வைக்கச் சொல்றான்னு ஏற்கனவே ஒருத்தர் புகார் பண்ணிட்டார். அம்மனுக்கு மல்லி ஒரு முழம் போதும் ஐயா, நிக்க இடம் வேணும். எதிர்த்துப் பேசுறவங்க தாராளமா பேசுங்க, ஆனா பேசுறதுக்கு முன்னாடி அலமாரியில இருக்கிற அந்த ஃபைலை ஒரு தடவை படிச்சுட்டு வாங்க. பக்கத்துக்குப் பக்கம் நான் பிளாஸ்டிக் கவர் போட்டு வச்சிருக்கேன்.

அந்தப் பிள்ளையோட அப்பா அம்மா இதைப் படிச்சா, அன்னைக்கு நான் வாய் திறக்காம போனதுக்கு மன்னிச்சுக்குங்க.

கடைசியா ஒரு அவசர விஷயம். போன மாசம் நம்ம கோயில் பின்பக்கம், மாமரத்துக்கு அந்தாண்ட, தலையில சிவப்பு வர்ணம் அடிச்ச கட்டைங்க நட்டிருக்காங்க. நாலு எண்ணினேன். ஒன்னு நம்ம மடப்பள்ளிச் சுவரை ஒட்டி இருக்கு. யாரு நட்டாங்க, எதுக்குன்னு இன்னும் தெரியல. யாரும் அதைப் பிடுங்கிடாதீங்க, தயவுசெஞ்சு. போட்டோ எடுத்தாச்சு. திங்கட்கிழமை காரியான் எடுக்க கொம்தாருக்குப் போறேன், கூட வர்றவங்க காலையில எட்டரைக்கு பஸ் ஸ்டாண்ட் பக்கம் நில்லுங்க. வெள்ளிக்கிழமை ராகுகால பூசை முடிஞ்சதும் மண்டபத்துல உட்காருவோம். வீட்டுல பழைய ரசீது, கோயில் சம்பந்தப்பட்ட கடிதம், கும்பாபிஷேகப் பத்திரிகை, கோயில் எல்லை தெரியற பழைய போட்டோ எது இருந்தாலும் கொண்டு வாங்க. அசலைக் கொடுக்க வேண்டாம், நகல் எடுத்துட்டுத் திருப்பிக் கொடுத்திடுறோம். சேம்பரிங் முடிச்ச தம்பி வர்றேன்னு சொல்லியிருக்கார். அந்தப் பிள்ளையையும் கூப்பிட்டிருக்கேன்.